பச்சை உறையில் மாடிப்படி விளக்கு

"என்ன வேணும்னு சொல்லுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்றார் மின்சாமான் கடைக்காரர்.

எழுத்தர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"ரயில் நிலையத்துக்குப் பின்புறம், கார்கள் காத்து நிற்கும் இடத்தில், நிழலுக்கு ஒரு ஷெட் போட்டுத் தருவது நல்லது."

ஏணியில் பாதி ஏறியிருந்த கடைக்காரர் அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார். "பல்பு, எண்ணெய்னு ஏதோ சொல்லிக்கிட்டே உள்ள வந்தீங்களே?"

எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மனைவி கொடுத்தனுப்பிய பட்டியலாக மாறவில்லை. 

"ஷெட் நம்மகிட்ட இல்லை சார்" என்றார் கடைக்காரர் பணிவாக.

எழுத்தர் ஒரு கட்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர். கையில் எந்தத் தாள் அகப்பட்டாலும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் சுபாவம். பஸ் டிக்கெட்டைக்கூட மடிப்பார். மனைவி அவருக்கு எழுதிய முதல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடியே சட்டையைத் துவைக்கப் போட்டுக் கூழாக்கியவர். அலுவலகத்தில் அவருக்கு 'மடிப்பு' என்றுதான் பெயர்.

அன்று மாதத்தின் முதல் திங்கட்கிழமை. காலையில் இரண்டு தாள்கள் அவர் கையில் இருந்தன. ஒன்று மனைவியின் பட்டியல். இன்னொன்று பச்சை உறையில் வந்தது. பையில் கிடப்பது இதுவென்றால் உறைக்குள் போயிருப்பது அது. உறை இப்போது தலைவரின் மேசைமேல், பூட்டிய அறைக்குள் இருந்தது.

பச்சை உறை சாதாரணப்பட்ட உறை அல்ல.

கட்சியை நடத்துவது தலைவர் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்சிக்கும் அவர்தான் தலைவர், நகர மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். ஆனால் எல்லாம் ஆலையதிபரின் தயவில் நடக்கிறது என்பது தலைவருக்குத் தெரியும். தேர்தல் சுவரொட்டி, வேன், மேடை, அலுவலக வாடகை, தலைவர் உட்கார்ந்து சுழலும் நாற்காலி வரை எல்லாமே அவர் உபயம். அலுவலகத்தில் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். சொல்லும்போதே குரல் தானாகத் தணியும். ஏழு வருடத்தில் தலைவர் அவரைப் பார்த்தது ஒரே தடவை, அதுவும் கார்க் கண்ணாடி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது.

முதன்முதலாக நன்கொடை வந்த மாதம், அதைக் கொண்டுவந்த டிரைவரிடம் தலைவர் வாசல்வரை ஓடிப்போய்க் கேட்டார்: "பெரியவர் வேற ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் டிரைவர்.

அவ்வளவுதான். தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு கொடுத்துவிட்டு ஒன்றுமே கேட்காத மனிதரை எப்படி நம்புவது? நம்மால் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டாரா? கேட்க வேண்டியதை எதிர்க்கட்சிக்காரனிடம் கேட்டுவிட்டாரா? ஒரே மாதத்தில் பாதியாக இளைத்துப்போனார்.

அடுத்த மாதம் நன்கொடையோடு ஒரு பச்சை உறையும் வந்தது. உள்ளே ஒரு தாள், தட்டச்சில் ஒரு வரி, கையெழுத்து கிடையாது. 'நீதிமன்ற வாசலில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் இருந்தால் நல்லது.' தலைவர் முகத்தில் அன்றுதான் ரத்தம் ஓடியது.

அதிலிருந்து மாதம் தவறாமல் பச்சை உறை. மருத்துவமனைக்கு எதிரே, சாய்ந்து உட்கார வசதியாக ஒரு பெஞ்சு. நகர மன்றத்துக்குப் பின்னால் ஒரு கழிப்பறை. மூன்றாம் குறுக்குச் சந்தில் ஒரு தெருவிளக்கு. எல்லாம் மறுவாரமே தீர்மானமாகி, மறுமாதமே முளைத்தன. கோடீஸ்வரர் எதற்காகக் கழிப்பறை கேட்கிறார் என்று எழுத்தர் ஒருமுறை வாய்தவறிக் கேட்டபோது கட்சிச் செயலாளர் சிரித்தார்.

"உனக்கு இதெல்லாம் புரியாது மடிப்பு. அந்தப் பக்கம் நிலம் வாங்கப்போறார்."

சொன்னதோடு நிற்காமல், கழிப்பறையை ஒட்டி ஒரு மனையைத் தானும் வாங்கிப்போட்டு, ஐந்து வருடமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு விலை ஏறக் காத்திருந்தார்.

உறையைத் திறந்து பார்த்து, தாளை மறுபடி உறைக்குள் வைத்துத் தலைவர் மேசையில் சேர்ப்பதும், தலைவர் படித்த பிறகு அதைத் தீர்மானமாகத் தட்டச்சு செய்வதும் எழுத்தரின் வேலை. அவரோடு இன்னொரு எழுத்தரும் ஒரு காலத்தில் இருந்தார். பச்சை உறையின் மேல் டீ டம்ளரை வைத்த குற்றத்துக்காக அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டம்ளர் வைத்ததற்கே அப்படி. நம்முடைய எழுத்தருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. இந்த வயதில் அவரை வேறு எந்த அலுவலகமும் கூப்பிட்டு உட்கார வைக்காது.

மறுநாள் காலை எட்டரைக்கே போய்விட்டார். தலைவர் பதினொன்றுக்கு முன் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பெருக்குகிற அம்மாள் அறையைத் திறக்கும்போது உள்ளே நுழைந்து, தாளை மாற்றிவைத்துவிட்டால் தீர்ந்தது.

அறை திறந்திருந்தது. உள்ளே தலைவர். பக்கத்தில் செயலாளர். இரண்டு பேரும் குளித்துவிட்டு அவசரமாக வந்தவர்கள்போல் இருந்தார்கள்.

"வா மடிப்பு. உட்காரு. உட்காராதே, நில்லு. இதைப் பாரு." தலைவர் தாளை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். "டைப் அடிக்கலை. தன் கையாலயே எழுதியிருக்கார். ஏழு வருஷத்துல முதல் தடவை. நேத்து ராத்திரி வந்து பிரிச்சேன், அப்புறம் தூக்கமே இல்லை."

எழுத்தர் எட்டிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. பள்ளிக்கூடத்தில் மனைவிக்குப் பரிசு வாங்கித் தந்த கையெழுத்து அது. ஒவ்வொரு எழுத்தும் தலை வாரிக்கொண்டு வரிசையில் நிற்கும்.

'1. மாடிப்படி விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

2. பின்வாசல் கதவு கிரீச்சிடுகிறது. எண்ணெய்.

3. காலை ஏழு மணிக்கு முன்னால் பாட்டு கூடாது. மனிதர்கள் தூங்குகிறார்கள்.

4. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று ஆடுகிறது. யாராவது விழுவதற்குள் கவனிக்கவும்.

5. இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். சாக்கு வேண்டாம்.'

"கோபத்தைப் பார்த்தியா?" என்றார் தலைவர். "வாய் வலிக்கிறதுன்னு எழுதியிருக்கார். பெரியவருக்கு வாய் வலிக்கிற அளவுக்கு விட்டுட்டோம்."

"தலைவரே" என்று எழுத்தர் மெதுவாகத் தொடங்கினார். "எனக்கென்னமோ, இது வேற யாரோ வேற யாருக்கோ எழுதின மாதிரி..."

"பச்சை உறையில வந்திருக்கு" என்றார் தலைவர்.

அந்த அலுவலகத்தில் அதற்கு மேல் ஒரு வாதம் கிடையாது.

"எந்த மாடிப்படின்னு எழுதலையே" என்று செயலாளர் தாடையைத் தடவினார்.

"எழுதலைன்னா எல்லா மாடிப்படியும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், ஒண்ணு விடாம பல்பு மாட்டச் சொல்லு. பின்வாசல் கதவும் அப்படித்தான். ஊர்ல இருக்கிற அத்தனை பொதுக் கட்டடத்துக்கும் எண்ணெய்."

"மூணாவது நம்ம கட்சிப் பாட்டைச் சொல்றார் தலைவரே. காலையில அஞ்சரைக்கு முச்சந்தியில போடறோமே."

"நானே பாடினது" என்றார் தலைவர். பிறகு அவரே பெருமூச்சு விட்டார். "ஏழுக்கு மேல போடுங்க."

நாலாவதைப் படித்ததும் அவர் குரல் மாறியது. "நாற்காலி ஆடுதாம். என் நாற்காலியைத்தான் சொல்றார், சூசகமா. அதுவும் சாப்பாட்டு மேசைன்னு குறிப்பா எழுதியிருக்கார். என்கூட உட்கார்ந்து சாப்பிடறவன் எவனோ ஆட்டறான்."

தினமும் மத்தியானம் தலைவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஊரிலேயே ஒரே ஒருவர்தான். செயலாளர் தாடையைத் தடவுவதை நிறுத்தினார்.

ஐந்தாவதைத் தலைவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பாகம் பிரித்தபோது ஒரு சுவர் யாருக்கு என்பதில் வந்த வழக்கு. அக்கா பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள்.

"இது அவருக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் மெதுவாக.

எழுத்தர் வாயைத் திறந்தார். டீ டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டார். தன் இடத்துக்குப் போய், தீர்மானங்களைத் தட்டச்சு செய்தார்.

வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி இருட்டாக இருந்தது. மூன்றாம் படியில் வழக்கம்போல் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"பல்பு எங்கே?" என்றாள் மனைவி மேலிருந்து.

அவர் இருட்டிலேயே படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கொஞ்சநேரம் யோசித்தாள்.

"என் கையெழுத்தைத் தலைவர் படிச்சாரா?"

"கண்ணுல ஒத்திக்காத குறை."

"தப்பு ஒண்ணும் இல்லையே? அவசரத்துல எழுதினேன்."

"ஏம்மா, என் வேலை போற நிலைமையில இருக்கு. நீ கையெழுத்தைப் பத்திக் கேக்கிறே."

"நான் எழுதினதுல என்ன குத்தம்? விளக்கு எரியணும், கதவு சத்தம் போடக்கூடாது, காலையில பாட்டு வேண்டாம்னு எழுதினேன். உங்களுக்கு அஞ்சரைக்கு ரேடியோவைத் திருகலைன்னா கை நடுங்குது." அவள் இரண்டு படி இறங்கி வந்து உட்கார்ந்தாள். "நேரா உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா நாளைக்கே வீட்ல இருப்பேன்."

அவள் அதையும் யோசித்துப் பார்த்தாள். கணவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பது அவ்வளவாக ரசிக்கவில்லை போலிருக்கிறது. "அப்போ பெரியவர் எழுதற மாதிரி இன்னொண்ணு எழுதி வெச்சிடுங்க. அதைக் கண்டுக்க வேண்டாம்னு."

எழுத்தருக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. பழைய பச்சை உறைகளை அவர்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மறுநாளே ஓர் உறைக்குள், 'முந்தைய கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று தட்டச்சு செய்து போட்டு, டிரைவர் கொடுத்ததாகச் சொல்லித் தலைவர் மேசையில் வைத்தார்.

தலைவர் படித்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

"பார்த்தீங்களா மனுஷனை? இவ்வளவும் சொல்லிட்டு, பெரிசா எடுத்துக்காதீங்கன்னு சொல்றார். தன் பேர் வெளியில வரக்கூடாதாம். இதுக்காகவே பேரைப் போடணும்."

அந்த வாரம் விளக்கு மாட்டிய ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒரு தகரப் பலகை ஏறியது. 'ஆலையதிபர் வழங்கிய ஒளி.' எண்ணெய் போட்ட ஒவ்வொரு பின்வாசலிலும் இன்னொன்று. 'ஆலையதிபர் வழங்கிய அமைதி.' இதுவரை அலுவலகத்துக்குள் மட்டும் தெரிந்திருந்த விஷயம் இப்போது பதினெட்டுக் கட்டடங்களில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு எழுத்தரே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, பலகை நேராக மாட்டியிருக்கிறதா என்று. பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க கட்சி ஆபீஸ்தானே? யார் செஞ்சாங்களோ, நல்லா இருக்கணும். போன வருஷம் இந்தப் படியில ரெண்டு பேர் விழுந்தாங்க. நாங்க முன்னூத்தி நாப்பது பேர் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம்."

எழுத்தருக்கு அந்த மனு நன்றாகத் தெரியும். மூன்று தடவை வந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று தடவையும் பதில் அடித்தவர் அவர்தான். மனு இன்னும் அவர் அலமாரியில், நாலாக மடித்தபடி இருந்தது. முன்னூற்று நாற்பது பேர் கேட்டு எரியாத விளக்கு, அவர் மனைவி ஒருத்தி கேட்டு நாலே நாளில் எரிந்துவிட்டது. அன்று வெகுநேரம் அவர் அந்தப் படியில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கைப்பிடிச் சுவரைத் தடவவில்லை. மனதுக்குள் பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் அக்கா வீட்டுக்குப் போனார். சாக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஒரு பெரிய பலகார டப்பாவோடு அலுவலகத்துக்கு வந்து, யாருக்கும் கொடுக்காமல் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா அழுதா மடிப்பு. நானும் அழுதேன். அந்தச் சுவரை இடிச்சிடலாம்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம்." வாயைத் துடைத்துக்கொண்டார். "பெரியவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கிறோம். இந்தக் கடிதத்துக்கு ஃபிரேம் போட்டு, மேடையில வெச்சு, அவர் கையாலயே திறக்கச் சொல்றோம்."

எழுத்தர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் திரையை விலக்குவார். உள்ளே சாப்பாட்டு மேசை நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும். இதை யார் எழுதியது என்று ஊர் முன்னால் கேட்பார்.

"உன் முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார் செயலாளர். அவர் இப்போதெல்லாம் தலைவரோடு சாப்பிடுவதில்லை. எழுத்தரின் மேசைக்கே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

இரண்டு வாரம் யோசித்தும், மூன்றாவது உறையைத் தயார்செய்வதைத் தவிர எழுத்தருக்கு வேறு வழி தோன்றவில்லை. 'விழா வேண்டாம். எனக்கு நேரமில்லை.' இதைவிடத் தெளிவாக ஒருவன் என்ன எழுதமுடியும்?

தலைவர் படித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"மனசு வருத்தம். வேற ஒண்ணுமில்லை. ஏழு வருஷமா வாங்கறோம், ஒரு தடவை வீடு தேடிப் போய் வாங்கன்னு கூப்பிட்டோமா? வர்ற திங்கட்கிழமை டிரைவர் வருவார் இல்லையா, அதே கார்ல நானும் ஏறிப் போறேன். கையோட ஃபிரேமையும் எடுத்துட்டுப் போய்க் காட்டிடறேன்."

அன்று சாயங்காலம் எழுத்தர் வீட்டு மாடிப்படியில் முழங்காலை இடித்துக்கொண்டபோது கத்தக்கூட இல்லை.

"ஊர்ல எல்லா மாடிப்படியிலயும் விளக்கு எரியுது" என்றாள் மனைவி. "தலைவர் அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டார். என் அக்கா மூணு ஞாயித்துக்கிழமையா வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. நான் யார்கிட்ட மனு கொடுக்கணும்?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம் தினமும் போகலாம். எனக்கு வேலையே இருக்காது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முழங்காலை மெதுவாகத் தேய்த்துவிட்டாள்.

"போனாப் போகுது. ஆஸ்பத்திரி விளக்கை யாரும் கழட்டிட்டுப் போகமாட்டாங்க இல்ல?" என்றாள்.

"மாட்டாங்க."

"அது போதும். திங்கட்கிழமை தலைவருக்கு முன்னாடி நீங்க அந்த டிரைவரைப் பிடிச்சுப் பேசுங்க. அவரும் சம்பளத்துக்கு இருக்கிறவர்தானே."

திங்கட்கிழமை காலை எழுத்தர் போகிற வழியில் மின்சாமான் கடையில் ஒரு பல்பு வாங்கிக்கொண்டார். கடைக்காரர், "ஷெட் கிடைச்சுதா சார்?" என்று கேட்டார். வேலை போனாலும் போகட்டும், படியில் விளக்காவது எரியட்டும் என்று எழுத்தருக்குத் தோன்றியிருந்தது. மடிக்க முடியாத சாமான் என்பதால் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

டிரைவர் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவார். கழிப்பறைப் பக்கம் போய்விட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டு, நிதானமாக வருவார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. வெயிலில் கறுத்த வலது கை இடது கையைவிட இரண்டு பங்கு கறுப்பாக இருக்கும். அன்றும் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், அது சத்தம் போடாததைக் கண்டு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு தகரப் பலகையைப் படித்தார்.

"அமைதியும் வழங்கிட்டாரா?" என்றார்.

"டிரைவரே, ஒரு நிமிஷம். உள்ள போகாதீங்க." எழுத்தர் அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். உள்ளே தலைவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஃபிரேமைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நேரமில்லை. எழுத்தர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். பையில் இருந்த தாள், உறைக்குள் போன பட்டியல், பல்பு, எண்ணெய், பாட்டு, நாற்காலி, அக்கா, தான் அடித்த இரண்டு பொய்க் கடிதம், விழா, ஃபிரேம்.

டிரைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அக்கா கட்டத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ அந்தப் பட்டியல் முழுக்க உங்க வீட்டம்மா எழுதினதா சார்?"

"ஆமா. உங்க முதலாளிக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். தலைவர் இப்போ உங்க கார்ல ஏறி அவரைப் பார்க்க வரப்போறார்."

"வரமாட்டார் சார். முதலாளி யாரையும் பார்க்கிறதில்லைன்னு நான் சொன்னா நின்னுடுவார். இதுவரைக்கும் நாலு பேரை நிறுத்தியிருக்கேன்."

எழுத்தருக்கு உடம்பில் பாதி உயிர் திரும்பியது. "நிஜமாவா? அப்போ முதலாளிகிட்ட நீங்க..."

"நான் எதைச் சார் போய்ச் சொல்றது?"

மீதிப் பாதியும் திரும்பியது. எழுத்தர் சட்டைப் பையிலிருந்து நாலு வாரமாக மடிந்து கிடந்த தாளை எடுத்து, சுவரில் வைத்துத் தேய்த்து நேராக்கி நீட்டினார். "இதுதான் அன்னிக்கு வந்த நிஜக் கடிதம். ஒரு வார்த்தை அழியலை. எப்படியாவது இதை இந்த மாசக் கடிதத்தோட சேர்த்துக் கொடுத்துடுங்க."

டிரைவர் அதை வாங்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இது உங்க பையிலயா இருந்துச்சு? நானும் தினமும் அந்த வெயில்ல நின்னு பார்க்கிறேன், ஷெட் போட ஒரு ஆளும் வரலையேன்னு."

"தப்புதான். இந்த மாசமே போட்டுடச் சொல்றேன்."

டிரைவர் தாளை மடித்து, தான் கொண்டுவந்திருந்த புதிய பச்சை உறைக்குள் வைத்தார். உறைக்குள் வேறு எதுவும் இல்லை. அதை எழுத்தரிடம் கொடுத்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அடுத்த மாசத்துலருந்து உங்க வீட்டம்மாவையே எழுதச் சொல்லிடுங்க சார், ஏழு வருஷமா நானே எழுதி எழுதி, இந்த ஷெட்டை விட்டா எனக்குக் கேக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை."